அந்தோணியார் காலடியில் ஓர் அட்டை

— இந்த வட்ட அட்டைய அந்தோணியார் காலடியில இருந்து எடுத்துட்டேன். இந்தாங்க, புடிங்க.

— ஏன் அமுதா? மெழுகு ஒழுகக் கூடாதுன்னு நீதான வெச்ச.

— ப்ளேன்ல காப்பிக்கு அடியில வெக்கிறதுன்னு சொல்லிக் குடுத்தீங்க, நம்பி வெச்சேன். காலையில மெழுகுவத்தி ஏத்தறேன், உங்கண்ணன் மவ மோனிஷா பாத்துட்டு சிரிக்கிறா. ‘என்ன சித்தி, ஏர்போர்ட்டு பீர்க்கடை அட்டை மேல அந்தோணியாரா’ங்கறா.

— அவ சின்னப் புள்ள, என்னமோ சொல்றா.

— மழுப்பாதீங்க. அப்படி என்னதான் இருக்குது அங்க?

— சொன்னா உனக்குப் புரியாது. நம்மூர்க் கடையில தலையில துண்டப் போட்டுக்கிட்டு நிக்கணும். சவுரியப்பண்ணன் பாத்தா ஞாயித்துக்கெழமை கோயில்ல அதான் பேச்சு. ஏர்போர்ட்ல கண்ணாடி ஓரமா ஒக்காந்தா ப்ளேன் ஏறுது, எறங்குது. ருசி பாக்க பலகையில சின்னச் சின்ன கிளாஸா நாலு பீரு வெப்பான். ஒண்ணுல நம்ம செந்தூரா மாம்பழ வாசம். ‘எது சார் புடிச்சிருக்கு’ன்னு கேப்பான். பம்பு ரிப்பேருக்குப் போற எடத்துல எவனும் என்னைய அப்படிக் கேட்டதில்ல புள்ள.

— நாம என்ன நேந்துக்கிட்டோம்?

— ...கொழந்த பொறந்து ஞானஸ்நானம் குடுக்கற வரைக்கும் நான் குடிக்கறதில்ல, நீ கறி மீனு தொடறதில்ல.

— கிறிஸ்மஸுக்கு எல்லாருக்கும் பிரியாணி ஆக்கிப் போட்டுட்டு நான் மோரு ஊத்தித் தின்னேன். உப்பு கூட நாக்குல வெச்சுப் பாக்கல. உங்கம்மாவத்தான் பாக்கச் சொன்னேன்.

— செக்யூரிட்டி தாண்டி உள்ள போயிட்டா அது எந்த ஊருமே இல்லாத மாதிரி இருக்குது அமுதா. நேந்துக்கிட்டதெல்லாம் அந்தப் பக்கமே நின்னுக்குச்சுன்னு நெனச்சுக்குவேன்.

— போன வருசம் நாக்பூர் போனீங்களே. அன்னைக்கு ஃப்ளைட்டு எப்ப?

— அது எதுக்கு இப்ப?

— ஓசூர்ல டிராபிக்குன்னு விடியறதுக்குள்ள கெளம்பினீங்க. மத்தியானம் எனக்கு ரத்தம் போவுது. பக்கத்து வூட்டு முனியம்மாக்காதான் கார் புடிச்சு தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. ‘ஆண்டோ எங்கம்மா’ன்னு கேட்டாங்க. வானத்துல இருக்காரு, அதான் ஃபோன் எடுக்கலன்னேன். ஃப்ளைட்டு எப்பங்க?

— சாயந்தரம்.

— அப்ப மத்தியானம்?

— ஏர்போர்ட்டுல அந்தக் கடையிலதான் இருந்தேன். நீ கூப்பிட்டத பாத்தேன் அமுதா. பாட்டுச் சத்தம், கிளாஸ் சத்தமெல்லாம் உனக்குக் கேக்கும்னு எடுக்கல. ஃபோன அணைச்சு வெச்சுட்டேன். உனக்கு அப்படி ஆவும்னு எனக்கென்ன தெரியும்?

— கொழந்த கலைஞ்சு போச்சுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. நான் உங்க ப்ளேன் பத்திரமா எறங்கணும்னு வேண்டிக்கிட்டுப் படுத்திருந்தேன். எனக்கு வயிறு எரியுதுங்க.

— தப்புத்தான். இனிமே சத்தியமா தொட மாட்டேன். ரெண்டு பேரும் கோயிலுக்குப் போயி மறுபடி நேந்துக்கலாம் வா.

— காலையில மெழுகுவத்தி ஏத்தினதே நன்றி சொல்லத்தான். எனக்கு மறுபடி நாள் தள்ளிப் போயிருக்குது. அவருகிட்ட மொதல்ல சொல்லிட்டு அப்பறம் உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்.

— அமுதா... நெசமாவா? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம். நாளைக்கு நான் போவ வேண்டிய டெல்லி வேலைய வேற ஆளு பாத்துக்கட்டும்.

— வேணாங்க. முனியம்மாக்காகிட்ட சொல்லிட்டேன், ஆஸ்பத்திரிக்கு அவுங்க வர்றாங்க. நீங்க எப்பவும் போல நேரத்தோட கெளம்புங்க.