தொண்ணூற்று நான்கு புள்ளி ஆறு

அன்றைக்கு எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மருமகள், என் மகன். போன் ஸ்பீக்கரில் அவர்கள் இருவருக்கும் மேலதிகாரி. வேறு யாரும் இல்லை.

எனக்கு வயது எழுபத்தொன்று. மூன்றாம் மாடியில், லிஃப்டுக்கு எதிர்வீட்டில் மகனோடு இருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எண் தடுமாறாது.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து ஏற்றும் பம்புக்கான சாஃப்ட்வேரைப் பாக்கேஜ் செய்து அனுப்புவது மருமகள் வேலை. அனுப்புமுன் பழைய சாஃப்ட்வேர் காட்டிய கணக்கை நான் வாசிப்பேன், புதியது காட்டுவதை அவள் பார்ப்பாள். அவளுக்குக் கண் வலி வந்தபோது ஆரம்பித்த பழக்கம். போன மாதம் மூன்றாவது ஞாயிறு பகல் மூன்று மணிக்கு அப்படி வாசிக்கையில், ஏறிய மருந்து நூறு மில்லி என்றேன் நான். "என் பக்கம் தொண்ணூத்தி நாலு புள்ளி ஆறு அத்தை" என்றாள். அதன் பின் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தும் அதே எண் வந்தது. அதன் பின் காரணம் கேட்டேன். ஏறிய மருந்தைத் துளித்துளியாகக் கூட்டும்போது விட்டுப்போகிற சின்னப் பங்கைப் பிடித்துச் சேர்க்க ஒரு வரி உண்டு, வேகத்துக்காக, எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றுகிற கம்பைலருக்கு ஃபிளாக் என்று ஒரு கட்டளை கொடுத்தால் அந்த வரியை வேண்டாதது என்று தூக்கிவிடும், இன்னும் நூறு ஆகவில்லை என்று நினைத்துப் பம்பு மேலே ஏற்றிக்கொண்டே போகும் என்றாள்.

அதன் பின் மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.

"அம்மா தாயே, பம்பு ஆமையா ஊருதுன்னு ஆஸ்பத்திரிக்காரங்க கத்துறாங்க. ஃபிளாக்கோட அனுப்பு."

"சார், நூறு ஏறினதைத் தொண்ணூத்தி நாலுங்குது சார்."

"அதை நாளைக்குப் பாக்கலாம். இது இன்னைக்குப் போகணும்."

அதன் பின் அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். "அனுப்பித் தொலையேன். மாமியாரும் மருமகளும் சேந்து கம்பெனி நடத்துறீங்களா?" என்றான், தலை நிமிரவில்லை. அதன் பின் அனுப்பினாள். அழுத்தியது அவள் விரல்தான், அதை நான் மறைக்கவில்லை.

பதினெட்டாம் நாள், ஆஸ்பத்திரியில் அந்தப் பம்பு மாட்டிப் படுத்திருந்த ஒரு வேன் டிரைவருக்கு மருந்து அதிகமாகி, இன்றுவரை கண் திறக்கவில்லை. மருமகள் யாரிடமும் சொல்லாமல் தானே அனுப்பினாள் என்று மேலதிகாரி எழுதிக் கொடுத்திருக்கிறார். காலையிலிருந்து அவள் உங்கள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், காலில் ஒன்று அவள் செருப்பு, ஒன்று என்னுடையது.

பாசத்தில் சொல்லவில்லை. என்னைக் கேட்காமல் என் இரும்புச் சட்டியைப் பழைய சாமான்காரனிடம் போட்டவள் அவள். ஆறு வருஷமாகியும் நான் மறக்கவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், எண் உட்பட நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நடந்தது. கையெழுத்துக்கு மேல் இதையும் சேர்க்கச் சொன்னேன். மேலதிகாரி தன் வேலைக்குப் பயந்து புளுகினார், அவரை விட்டுவிடுகிறேன். அந்த நேரம் தான் வீட்டிலேயே இல்லை என்று இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னவன் வாக்குமூலத்தையும் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அவனை மன்னிக்க மாட்டேன். அவன் என் மகன்.