ஆக்டோபஸ் தின்னாத அத்தான்

“அம்மா, ஆளுங்களைத் திட்டுறதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்குறாங்க?” என்று டீச்சரின் மகள், பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய புதிதில் ஒருநாள் கேட்டாள்.

குழந்தை கேட்டதில் தப்பில்லை. வீட்டின் முன்னறையில், துணி காயப்போட்ட கம்பிக்குக் கீழே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, போனிலேயே ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுப்பதுதான் டீச்சரின் பிழைப்பு. மறுமுனையில் இருப்பவர் ஒரு வினைச்சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டால், கையிலிருக்கும் பேனாவால் போனின் முதுகில் ‘டொக்’கென்று ஒரு தட்டு தட்டுவாள். கேட்பவருக்கு உச்சந்தலையில் குட்டு வாங்கியது போலிருக்கும். பாதிப் பேர் பயந்தே இலக்கணம் கற்றுக்கொண்டார்கள்.

இன்றைக்கு மதியம் அழைத்தவர் காசு கொடுத்துப் படிப்பவர் அல்ல. அக்காவின் கணவர். ஒரு பெரிய ஓட்டலின் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற மனிதர். அங்கே இப்போது கழுவுவதற்கு மெஷின் வந்துவிட்டது. விருந்தினர்களோடு ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தவர்களைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றுவார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இன்று சாயங்காலம் மேலாளர் அம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கப் போகிறார். சாப்பாட்டுக் கூடம் என்பதால் கேள்வியும் சாப்பாட்டைப் பற்றியதுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்: வழக்கத்துக்கு மாறான எதையாவது சாப்பிட்டதுண்டா, அதைப் பற்றிச் சொல்லுங்கள்.

அக்காவின் நச்சரிப்பு தாங்காமல் டீச்சர் ஒரு பதிலைத் தானே ஜோடித்து, மனப்பாடம் செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தாள். கடற்கரைக்குப் போய் ஆக்டோபஸ் தின்ற கதை.

“ஹலோ... ஹலோ... ம், கேக்குது அத்தான், கேக்குது. பாத்திரச் சத்தமும் சேர்ந்துதான் கேக்குது. கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்க... அங்கயும் சத்தமா? கதவைச் சாத்துங்க... கதவே இல்லையா? ரொம்ப நல்ல ஓட்டல்.”

“...ஆமா, சாயங்காலம்தான். தெரியும். அக்கா காலையிலேருந்து போன் மேல போன்... அழுதா, வேற என்ன பண்ணுவா? இந்த வேலையும் போயிட்டா இந்த வயசுல உங்களை யாரு கூப்பிட்டு வெச்சுக்குவாங்கன்னு அழுதா... சரி சரி, நீங்க ஆரம்பிக்காதீங்க. கேள்வி கேக்குறேன். ‘ஹேவ் யூ எவர் ட்ரைட் எனி அன்யூஷுவல் ஃபுட்?’”

“...என்ன, ‘எஸ் மேடம்’? எஸ் மேடம்னு சொல்லிட்டு நின்னுட்டா, அந்தம்மா உங்க மூஞ்சிய பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாங்களா? மேல... ம்... ‘லாஸ்ட் இயர் ஐ கோ டு சீ’...”

டொக்.

“வென்ட்! போன வருஷம் போயிட்டுத் திரும்பி வந்தாச்சு. இன்னும் போய்க்கிட்டேவா இருக்கீங்க?... ஆமா, ஆமா, வென்ட்... ம்... ‘ஐ ஈட் ஆக்டோபஸ்’...”

டொக். டொக்.

“ஏட், அத்தான், ஏட்! ஒரு வாரமா அந்த ஒத்த ஆக்டோபஸை வாயில வெச்சுக்கிட்டு முழுங்கவும் மாட்டேங்கிறீங்க, துப்பவும் மாட்டேங்கிறீங்க... என்ன? ருசி எப்படி இருக்கும்னா? எனக்கென்ன தெரியும், நானா தின்னேன்? ரப்பர் மாதிரின்னு சொல்லுங்க... எத்தனை காலுன்னு கேட்டா எட்டுன்னு சொல்லுங்க... நீங்க தின்னதுல எத்தனை காலு இருந்துச்சுன்னு கேட்டா...? கடவுளே! உங்ககிட்ட வந்து மாட்டினதுக்கு அந்த ஆக்டோபஸே தற்கொலை பண்ணிக்கும்.”

மறுமுனையில் ஒரு பெரிய தட்டு விழுந்து உருண்டு அடங்கும் ஓசை. அத்தான் ஏதோ தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“...என்னது? பொய்யா இருக்கறதால ஒட்ட மாட்டேங்குதா? சத்தியசந்தரு!... உண்மையாவே தின்ன ஒண்ணைச் சொல்லட்டுமாவா? நீங்களா?”

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

“எந்தக் கடைக்குப் போனாலும் ‘எது சீக்கிரம் வரும்’னு கேட்டு அதைத் திங்கிற ஆளு நீங்க. வாயில போறது கல்லா மண்ணான்னு என்னைக்காவது பாத்திருக்கீங்களா? சட்டிவழிச்சான்னு சும்மாவா பேர் வந்துச்சு?... ஆமா, நான்தான் வெச்சேன். இல்லாததையா வெச்சேன்?”

அவள் வைத்த பெயர்தான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, சின்னப் பெண்ணாக அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் டீச்சர். அக்கா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக அடுப்பைப் பற்றவைத்து, உருளைக்கிழங்கு சூப்பு செய்தாள். வேலைவிட்டு வந்த அத்தான் ஒரு கிண்ணம் குடித்தார். தனக்கென்று அவள் இன்னொரு கிண்ணத்தை எடுத்து வருவதற்குள் சட்டியையே தூக்கிவிட்டார். “இது எனக்கே பத்தல. நீ அடுத்த வீட்டுல போய்ச் சாப்பிடு” என்று சொல்லிவிட்டு, நின்ற நிலையில் கடைசிச் சொட்டுவரை வழித்துக் குடித்தார். பிறகு வயிறு கெட்டு இரண்டு மூன்று நாள் பாயோடு கிடந்தார். தன் கையால் செய்த முதல் சமையலில் ஒரு வாய்கூடத் தனக்கு மிஞ்சாத ஆத்திரத்தில் அந்தச் சின்னப் பெண் வைத்த பெயர், குடும்பம் முழுக்கப் பரவி ஒட்டிக்கொண்டது. கல்யாண வீடுகளில் டீச்சர் அந்தக் காட்சியைச் சட்டியும் கையுமாக நடித்தே காட்டுவாள். அத்தானும் கூட்டத்தோடு உட்கார்ந்து சிரிப்பார். ரோஷம் கெட்ட மனுஷன் என்று அதற்கும் சேர்த்து அவரைக் கேவலமாக நினைப்பாள்.

“சரி, சொல்லித் தொலைங்க. எனக்கு அடுத்த கிளாஸ் இருக்கு... ம்... ‘லாங் எகோ’... பரவால்ல, ஆரம்பம் நல்லாத்தான் இருக்கு... ‘இன் ஒன் ஹவுஸ், ஒன் ஸ்மால் கேர்ள்’... எந்த வீட்டுல?... யாரோ தெரிஞ்சவங்க வீடா. சரி... ‘ஷி மேக் சூப்’...”

டொக்.

“மேட். செஞ்சு முடிச்சாச்சு... ம்... ‘ஷி நாட் புட் சால்ட்’...”

டொக்.

“‘ஷி டிட் நாட் புட்.’ உப்பில்லாத சூப்பெல்லாம் ஒரு அதிசயமா அத்தான்? ஆஸ்பத்திரியில தினமும் குடுக்கிறாங்க... இருங்க, இருங்க. என்ன போட்டா? ‘வாஷிங் பவுடரா’? துணி துவைக்கிற பவுடரா! ஐயோ, எந்த வீட்டுக் கழுதை அது?... சிரிக்காம என்ன பண்ண? உப்புக்கும் சோப்புத் தூளுக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மத்தை அடுப்புப் பக்கம் விட்டவங்களை முதல்ல உதைக்கணும்... ரெண்டும் ஒரே மாதிரி டப்பாவுல இருந்துச்சா? இருந்தா என்ன, கண்ணு எங்க போச்சு?... பால் பவுடர் டப்பாவா... மஞ்சள் மூடியா...”

பேனா பாதி வழியில் நின்றது.

அக்கா வீட்டுச் சமையலறையில், ஜன்னலுக்குப் பக்கத்துப் பலகையில், மஞ்சள் மூடி போட்ட பால் பவுடர் டப்பாக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் உப்பு. இன்னொன்றில் என்ன இருந்தது என்று அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

“...ம். கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்... ‘தி சூப் கம் பபுள்ஸ்’... ம்... நுரை. ஆமா. நுரை வந்திருக்கும்.”

பேனா தட்டவில்லை. ‘அத்தான், எப்படிப் பொங்குது பாருங்க’ என்று வாசலுக்கே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தது நினைவுக்கு வந்தது. அவர் சட்டியை எட்டிப் பார்த்ததும், பிறகு அவள் முகத்தைப் பார்த்ததும்.

“சொல்லுங்க... ‘ஐ ட்ரிங்க்டு ஒன் பௌல்’... ம்... ‘ஷி டேக் ஹெர் பௌல்’... ம்... ‘ஐ ட்ரிங்க்டு ஆல்’.”

ட்ரிங்க்டு என்று ஒரு சொல் எந்த மொழியிலும் கிடையாது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றை டீச்சர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது அவர் இரண்டு முறை சொல்லியும் பேனா மேசையிலேயே கிடந்தது.

“அத்தான்... அந்தம்மா ஒரு கேள்வி கேப்பாங்க. அதை ஏன் கீழ கொட்டலன்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?... தமிழ்லயே சொல்லுங்க, பரவால்ல... ம்... அந்தப் பொண்ணு அதுக்கு முன்னாடி ஏதோ கண்ணாடிச் சாமானை உடைச்சிருச்சா... உடைச்சிட்டு, ‘என்னை விடுதியில கொண்டுபோய் விட்டுருவீங்களா’ன்னு கேட்டுச்சா... ம்... அதுலேருந்து சரியாத் தூங்கலையா... ஆமா... ஆமா... சூப்பும் வீணாப் போச்சுன்னு தெரிஞ்சா... ம்... புரியுது.”

கம்பியில் காய்ந்த துணி ஒன்று காற்றில் அவள் தோளில் வந்து விழுந்தது. எடுக்கவில்லை. மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்கிற நல்லதில் பெரும்பகுதி ஆண்டவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறது. செய்யப்பட்டவருக்கே தெரிவதில்லை.

“வளர்ந்த பிறகாவது அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லியிருக்கலாமே... ஏன்?... ம்... அதுக்குள்ள அது உங்களை வெச்சு ஒரு கதை கட்டி, எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சா... அந்த வீட்டுக்கு வந்து அதுதான் முதல் தடவையாச் சிரிச்சுதா... கேக்க நல்லா இருந்துச்சா உங்களுக்கு...”

மறுமுனையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அத்தானின் குரல் சட்டென்று பதறியது.

“...என்ன? எனக்கு எதுக்குக் கோபம்?... குரலா? குரலுக்கு ஒண்ணுமில்ல, சளி... என்னது, வேண்டாமா? இந்தக் கதையை விட்டுட்டு ஆக்டோபஸையே சொல்றீங்களா?”

டீச்சருக்கு விளங்கிவிட்டது. இத்தனை காலம் வாயைத் திறக்காத மனுஷன். வேலை போகிற நெருக்கடியில், யாரோ வீட்டுப் பெண் என்று ஒரு முக்காடு போட்டு இதை வெளியே எடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு துளி சந்தேகம் வந்தால் போதும், கூசிப்போய்க் கதையை விழுங்கிவிடுவார். சாயங்காலம் அந்த அம்மாவுக்கு முன்னால் நின்று எட்டுக் காலையும் எண்ணிக்கொண்டு திணறுவார். தொண்டையைச் செருமிக்கொண்டாள். தன்னிடம் எப்போதும் இருக்கிற அந்த ஏளனத்தைத் தேடி எடுத்துக் குரலில் பூசிக்கொண்டாள்.

“அது யாரு வீட்டுப் பொண்ணா இருந்தா எனக்கென்ன அத்தான்? ஊருல மக்குப் பொண்ணுங்களுக்கா பஞ்சம்? ஒவ்வொண்ணா விசாரிச்சுக்கிட்டு இருக்கவா நான் உக்காந்திருக்கேன்?... அப்புறம் என்ன! அந்த ஆக்டோபஸைக் கடல்லயே விட்டுடுங்க, பொழைச்சுப் போகட்டும். உங்க மூஞ்சிக்கு சோப்புத் தூள்தான் பொருத்தம். முதல்லேருந்து சொல்லுங்க. ‘ட்ரிங்க்டு’ன்னு இன்னொரு தடவை சொன்னீங்க, பாத்துக்குங்க. ‘ட்ரேங்க்’... ம்... ‘ஷி மேட் சூப்’, சபாஷ்... ‘ஷி டிட் நாட் புட் சால்ட்’... ம்... ‘ஐ ட்ரேங்க் ஆல் ஆஃப் இட்’... ஆமா!”

அத்தான் தயங்காமல் சொல்லிக்கொண்டு போனார். ஒரு வாரமாக ஆக்டோபஸோடு மல்லுக்கட்டிய அதே வாய்தான். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறபோது வார்த்தைகள் தாமாகவே வரிசையில் வந்து நின்றன. அங்கங்கே ஒன்று சறுக்கியது. ஒவ்வொரு சறுக்கலுக்கும் பேனா, பழையபடி, ‘டொக்’கென்று விழுந்தது. கொஞ்சம் மெதுவாக விழுந்ததை அவர் கவனித்திருக்க மாட்டார்.

“...முடிவு சப்புன்னு இருக்கு. கடைசியா ஒண்ணு சேத்துக்குங்க. ‘ஷி நெவர் நியூ.’ சொல்லுங்க... நியூ... அர்த்தமா? ‘அவளுக்குத் தெரியவே தெரியாது’ன்னு அர்த்தம்... ஏன்னா? நீங்கதான் சொல்லலையே, அப்புறம் எப்படித் தெரியும் அதுக்கு? அந்த மண்டையில நீங்க சொல்லாம எதுதான் ஏறியிருக்கும்?... ஆமா, நிச்சயமாத் தெரியாது. நான் சொல்றேன்ல... ம். ‘ஷி நெவர் நியூ.’ அதோட வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. அந்தம்மாவே மீதியைப் பாத்துக்குவாங்க.”

“...என்ன அத்தான்?... அந்தப் பொண்ணை மக்குன்னு சொல்லக்கூடாதா?... ம்... நல்ல பொண்ணா... கெட்டிக்காரியா... ம்... சரி. நீங்க சொன்னா சரிதான்... போங்க, உங்களைத்தான் கூப்பிடுறாங்க போலிருக்கு... சாயங்காலம் அந்தம்மாகிட்டப் போறப்ப கையைத் துடைச்சுட்டுப் போங்க... ஆமா, ஆமா... சட்டைக் கையை இறக்கி விட்டுட்டு—”

தொடர்பு அறுந்தது.

டீச்சர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. “சூப்பு நல்லா இருந்துச்சா அத்தான்?” என்று, அன்றைக்குக் கேட்காமல் விட்டதை, யாரும் இல்லாத அந்த முனையிடம் ஒருமுறை கேட்டாள். பிறகு தோளில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மாணவரின் அழைப்புக்காகப் பேனாவைக் கையில் எடுத்தாள்.