புஞ்சையில் ஒரு வட்டம்

"மனசு அமைதிக்குன்னு டாக்டர் சொன்னதத்தான் செஞ்சாவ மதினி. இப்போ ஊர்ல ஒருத்தருக்கும் தூக்கமில்ல."

கோவில்பட்டியிலிருந்து எப்போதும்வென்றான் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் கணவரைப் பற்றி இப்படிச் சொன்னாள். பக்கத்தில் இருந்த மதினி பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

"அப்படி என்னத்தச் செஞ்சாவ அண்ணன்?"

"அவியளுக்குப் பிரஷர்லா. சாயங்காலம் புஞ்சைக்குப் போயி, செல்போனத் தொடாம, மூச்சக் கவனிச்சுக்கிட்டே, அங்கன கெடக்குற கல்லு, இலை, பூவ வச்சுப் படம் செய்யணுமாம்."

"நல்லதுதான."

"பெரிய வட்டமா கல்லு அடுக்கி, சுத்தி எருக்கம்பூ வச்சாவ. நடுவுல கரிசல் மண்ணுல ஒரு பொம்மை. அது மயிலுன்னு சொல்லுதாவ. காலையில பக்கத்துப் புஞ்சைக்காரர் பாத்துட்டு, யாரோ செய்வினை வச்சிட்டான்னு கத்திக்கிட்டே ஓடுதாரு. அன்னைக்குப் பருத்தி எடுக்க ஒரு ஆளும் வரல."

"நாந்தான் செஞ்சேன்னு அண்ணன் சொல்லிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்லுவாவ? அதுக்குள்ள ஊர் கூடிக் குறி சொல்லுத கோடாங்கியக் கூட்டிட்டு வந்துட்டு. இவியளும் கூட்டத்தோட கூட்டமா கைகட்டி நிக்காவ."

"கோடாங்கி என்ன சொன்னாரு?"

"வட்டத்தச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. 'இது லேசுப்பட்ட கை இல்ல. மனச ஒரே இடத்துல நிறுத்திச் செஞ்சிருக்கான்'னாரு."

"அய்யோ! அதக் கேட்டு அண்ணனுக்குப் பிரஷர் ஏறிருக்குமே?"

"எங்க ஏற? அன்னைக்கு ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினாவ மதினி. இன்னைக்கு விடியுமுன்ன எருக்கம்பூ பறிக்கக் கிளம்பியாச்சு."