மூன்றாவது பழுது

— அக்கா, சத்தியமாச் சொல்லுறன், இந்தமுறை நான் கை வைக்கேல்லை. உண்மையாவே பழுதாப் போச்சு.

— என்ரை சிவனே! டேய் சுஜீத், முப்பத்தாறு வயசிலை ஒரு பெட்டையைப் பாக்கிறதுக்கு வண்டியை உடைச்சுக்கொண்டு திரியிறவன் லண்டனிலை நீ ஒருத்தன்தான். முதல்முறை என்ன செய்தனி?

— பிளக் வயரைக் கழட்டி விட்டனான்.

— ரெண்டாம் முறை?

— பெற்றோலுக்குள்ளை கொஞ்சம் தண்ணி விட்டனான்.

— கொஞ்சமோ? ஒரு முழுப் போத்தில்! நான் குசினி ஜன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான்.

— இப்ப சும்மாவே ஓடமாட்டன் எண்டுது. பத்து நிமிசம் நல்லா ஓடும், பேந்து செத்துப்போகும். ஏனெண்டு எனக்கே தெரியேல்லை.

— நல்லதாப் போச்சு. ஆனால் இண்டைக்கு அவள் இதைத் திருத்திப்போட்டாள் எண்டால் இனி என்ன சாட்டுச் சொல்லிச் செவன் கிங்ஸிலை இருந்து லூயிஷாமுக்கு வரப்போறாய்? போனமுறையே அவள் ‘வண்டி இப்ப திறம், இனி வரத் தேவையில்லை’ எண்டு சொன்னவளெல்லோ?

— சொன்னவதான்.

— அப்ப இண்டைக்கு வாயைத் திற. உன்ரை பேரிலை இப்பத்தான் சிவன் கோயில்லை ஒரு அர்ச்சனையும் செய்துபோட்டு வந்திருக்கிறன். இந்தக் கோதாரியை வான் கதவைத் திறந்து இறக்கு முதல்ல. பாத்தால் குழந்தைப்பிள்ளையின்ரை மூண்டு சில்லுச் சைக்கிளுக்கு வீக்கம் வந்த மாதிரிக் கிடக்கு.

— சில்லு அப்பிடித்தான் அக்கா. சேத்துக்குள்ளை, வயலுக்குள்ளை ஓடுறதுக்கெண்டு செய்த பழைய வண்டி. அது என்ன மொடல் எண்டு வித்த வெள்ளைக்காரக் கமக்காரனுக்கும் தெரியாது, பேப்பரும் இல்லை. மெல்ல, மெல்ல… பலகையிலை இறக்குங்கோ…

— வாங்கோ சுஜீத். திரும்பவும் வந்திட்டியள்.

— ஓம் சுவர்ணா. இது… இது என்ரை அக்கா. தர்மிகா.

— வணக்கம் அக்கா. உள்ளுக்கு வாங்கோ. மேலாலை ரயில் போறபோது சுவர் ஆடும், பயப்பிடாதேங்கோ. ரயில் பாலத்துக்குக் கீழை கடை வைச்சால் இப்பிடித்தான்.

— நீர்தானோ அந்த மெக்கானிக் பிள்ளை? இவன் மூண்டு மாசமா ஒரே புராணம்.

— வண்டியைப் பற்றி! வண்டியைப் பற்றிச் சொன்னனான்.

— ஓம் பிள்ளை, வண்டியைப் பற்றித்தான். வண்டிக்கு வடிவான கண் எண்டு சொன்னவன்.

— இதுக்கு ஒரு லைற்றுத்தானே அக்கா, முன்னுக்கு.

— அதைத்தான் சொன்னவனாக்கும்.

— சரி, பாப்பம். இந்தமுறை என்ன பழுது, சுஜீத்?

— பத்து நிமிசம் ஓடும். பேந்து நிண்டிடும். கொஞ்சநேரம் விட்டால் திரும்ப ஓடும். பிளக் புதுசு. கார்பரேட்டரைக் கழட்டிக் கழுவினனான். வேறை நான் ஒண்டும் செய்யேல்லை. உண்மையாவே.

— ‘உண்மையாவே’ எண்டு ஏன் சொல்லுறியள்?

— அது… சும்மா.

— ம். முதல்ல இது என்ன வண்டி எண்டு கண்டுபிடிப்பம். அது தெரியாமல் சாமான் எடுப்பிக்க ஏலாது. எண்பதுகளிலை யப்பான்காரர் செய்தது, அது தெரியுது. எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே மூஞ்சி. ஆனால் ஒண்டின்ரை சாமான் மற்றதுக்குப் பூட்டாது. ஹாண்டிலை இடப்பக்கம் திருப்புங்கோ. கழுத்திலை நம்பர் அடிச்சிருக்கும்.

— கறுப்புப் பெயின்ற்தான் கிடக்கு, சுவர்ணா.

— ஆரோ மேலாலை பூசிப்போட்டினம். விரலாலை தடவுங்கோ.

— ஓம், குழி தட்டுப்படுது. வாசிக்க ஏலாது.

— என்னட்டைச் சோக்கட்டி முடிஞ்சுபோச்சு. வெள்ளையா, மாவு மாதிரி ஏதும் தேய்ச்சால் குழிக்குள்ளை இறங்கும், எழுத்துத் தெரியும்.

— பிள்ளை, திருநீறு சரிவருமோ?

— திருநீறோ?

— ஹாண்ட்பாக்கிலை கோயில் திருநீறு ஒரு பொட்டலம் கிடக்கு. இந்தாரும்.

— அக்கா, வேண்டாம்! கோயில் திருநீறை வண்டிக்கு…

— பொத்தடா வாயை. சிவன் குறை நினைக்கமாட்டார். அவரே நம்பர் இல்லாத வாகனத்திலைதான் போய்வாறவர்.

— அப்ப நீங்களே பூசுங்கோ அக்கா. பெருவிரலாலை அமத்தித் தேய்ச்சுப்போட்டு ஊதுங்கோ.

— பூ… என்ரை சிவனே! தெரியுது, தெரியுது! டேய், ஓடியா, பட்டை போட்ட மாதிரி வடிவா வருது!

— எத்தினை எழுத்து அக்கா?

— பொறும்… பதினஞ்சு, பதினாறு, பதினேழு!

— பதினேழோ? அப்ப இது அமெரிக்காவிலை விக்கிறதுக்கெண்டு செய்த வண்டி. பத்தாவது எழுத்தைச் சொல்லுங்கோ, அதுதான் வருசம்.

— இங்கிலீசு ஈ.

— எண்பத்து நாலு. மற்ற எழுத்துகளைப் பாத்தால் இருநூறு சிசி. சுஜீத், இனி ஆரும் கேட்டால் தைரியமாச் சொல்லலாம், எண்பத்து நாலாம் ஆண்டு வண்டி.

— எண்பத்து நாலோ! என்னிலும் அஞ்சு வயசு மூப்பு!

— அது நாப்பது வருசமா மூண்டு சில்லிலை நிக்குது. நீ இன்னும் ஒற்றைச் சில்லிலை உருண்டுகொண்டு திரி. சரி, பிறந்த வருசம் தெரிஞ்சிட்டுது, இனிச் சாதகமும் எழுதலாம். பிள்ளை, உமக்கு என்ன நட்சத்திரம்?

— அக்கா!

— நான் வண்டியோடை சேத்துக் கேட்டனான்.

— சித்திரை, அக்கா. செவ்வாய் தோசம் இல்லை. அதையும் அடுத்ததாக் கேப்பியள் எண்டபடியாச் சொல்லுறன்.

— கேட்டியோடா? செவ்வாயும் இல்லையாம்!

— சுவர்ணா, அக்கா இப்பிடித்தான், மனசிலை வைச்சிருக்காதேங்கோ…

— நான் ஒண்டும் வைச்சிருக்கேல்லை. சில்லு ஏன் இப்பிடிக் கல்லு மாதிரிக் கிடக்கு? எவ்வளவு காத்து அடிச்சனீங்கள்?

— இருபது.

— இருபதோ! இதுக்கு ரெண்டு, கூடிப்போனால் ரெண்டரை! பின்னுக்கு ஸ்பிரிங் இல்லாத வண்டி, சில்லுத்தான் ஸ்பிரிங். பொதுபொதுவெண்டு இருக்கவேணும். வெடிக்காமல் விட்டது உங்கடை அக்கா செய்த அர்ச்சனையாலைதான்.

— அதுதானோ பிள்ளை, போன ஞாயிறு எசெக்ஸ் வயல்லை இவன் பந்து மாதிரித் துள்ளினது! வயல்லை ஓடினதை விட ஆகாயத்திலை ஓடினதுதான் கூட. கீழை வரேக்கை ஒவ்வொரு முறையும் ‘அம்மா’ எண்டு கத்தினவன்.

— அக்கா, அதெல்லாம் இப்ப ஏன்?

— காத்து இறக்கியாச்சு. கயிறை இழுங்கோ சுஜீத். ஒரே இழுவை, பாதியிலை விடாதேங்கோ.

— இழுக்கிறன்… ஆ! ஸ்ராட் வந்திட்டுது! முதல் இழுவையிலை!

— அடேயப்பா, என்ன சத்தம்! நெஞ்சுக்குள்ளை உறுமுது! பிள்ளை, நான் ஒருக்கா ஏறட்டோ?

— சீலையோடையோ அக்கா?

— நான் இருபது வருசமாப் பள்ளிக்கூட மினிபஸ் ஓடுறனான். இது என்ன, ஒரு ஆட்டுக்குட்டி! எங்கை அக்சிலேற்றர்?

— வலது பெருவிரலுக்குக் கீழை. பின்னுக்குச் சில்லுப் பக்கம் காலை விடாதேங்கோ. இந்த வாசல் முற்றத்துக்குள்ளை மட்டும், மெல்லமா ஓடுங்கோ.

— டேய் சுஜீத், பத்து நிமிசம்தான் ஓடும் எண்டனி? சரி, பத்து நிமிசம். மணிக்கூட்டைப் பார்! விலகுங்கோ, விலகுங்கோ… என்ரை சிவனேஏஏஏ!

— உங்கடை அக்கா நல்லா ஓடுறா.

— ஓம்.

— அந்தப் பத்து நிமிசத்தை ஏன் உங்களிட்டைச் சொல்லிப்போட்டுப் போறா?

— அது… சுவர்ணா, நான் உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும்.

— சொல்லுங்கோ.

— பெற்றோல்…

— பெற்றோலைப் பற்றியோ?

— இல்லை. ஓம். போனமுறை தாங்கிக்குள்ளை தண்ணி நிண்டதெல்லோ? அது மழைத்தண்ணி இல்லை.

— தெரியும். கராஜுக்குள்ளை நிண்ட வண்டிக்கு மழை எங்காலை பெய்யும்?

— அந்தப் பிளக் வயரும்…

— தானாக் கழண்டு, தன்னைத்தானே வடிவா மடிச்சுக்கொண்டு ஓரமாக் கிடந்தது. அதுவும் தெரியும்.

— பேந்து ஏன் ஒண்டும் சொல்லேல்லை?

— நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.

— கோவமோ?

— முதல்முறை கொஞ்சம். ரெண்டாம் முறை நீங்கள் போனாப்பிறகு தனிய இருந்து சிரிச்சனான். பக்கத்துக் கடைக்காரர் வந்து என்ன நடந்தது எண்டு கேட்டவர்.

— சுவர்ணா, எனக்குக் கதைக்கத் தெரியாது. முதல் நாள் நான் சும்மா ஒரு ட்யூப் கேட்டுத்தான் வந்தனான். நீங்கள் கிறீஸ் கையாலை நெத்தியைத் துடைச்சுப்போட்டு, ‘ஆறுதலா இருங்கோ, பாப்பம்’ எண்டியள். அண்டையிலை இருந்து எனக்கு ஆறுதலே இல்லை. நான் மருந்துக்கடையிலை வேலை செய்யிறவன். இருமலுக்குக் கேட்டு வந்த மனுசிக்கு வயித்துக்கு மருந்து குடுக்கப் பாத்தனான். எனக்கு… நான்… உங்களை…

— அடக் கடவுளே, சத்தம் நிண்டிட்டுது.

— டேய்! செத்துப்போச்சு! ஒம்பது நிமிசம்தான் ஓடினது! அங்கை முடிஞ்சுதோ?

— இல்லை அக்கா! இன்னும் ஒரு வசனம் கிடக்கு!

— மூண்டு மாசமா என்னடா செய்தனி? சொல்லித் துலை, ரயில் வருது!

— எனக்கு உங்களை நல்லாப் பிடிச்சிருக்கு, சுவர்ணா!

— ரயில் போகட்டும். கேக்கேல்லை.

— எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு எண்டு சொன்னனான்!

— இப்ப கேட்டுது. முதலும் கேட்டதுதான். திரும்ப ஒருக்காக் கேக்கவேணும் போலை கிடந்தது. அக்கா! பெற்றோல் தாங்கின்ரை மூடியைத் திறந்துபோட்டுக் கயிறை இழுங்கோ!

— திறந்தன்… உஸ் எண்டு காத்து உள்ளை போகுது! இழுக்கிறன்… ஓடுது, ஓடுது! பிள்ளை, என்ன மாயம் இது?

— மாயம் இல்லை அக்கா. மூடியிலை ஒரு சின்னத் துளை இருக்கு. அதாலை காத்து உள்ளை போனால்தான் பெற்றோல் கீழை இறங்கும். மூடியைத் திருப்பிப் பாருங்கோ.

— ஓம், துளைக்குள்ளை மெழுகு! ஆரோ வேணுமெண்டு உருட்டி அடைச்ச மாதிரிக் கிடக்கு. சுஜீத், நீயெல்லாம் ஒரு மனுசனோ? என்னட்டையும் பொய் சொன்னனியோ?

— அம்மாவாணை நான் இல்லை! சுவர்ணா, முதல் ரெண்டும் செய்தனான், ஒத்துக்கொள்ளுறன். மூண்டாவது சத்தியமா நான் செய்யேல்லை. நம்புங்கோ!

— நம்புறன் சுஜீத்.

— உண்மையாவோ? என்னண்டு நம்புறியள்?

— ‘வண்டி திறம், இனி வரத் தேவையில்லை’ எண்டு நான் சொன்ன உடனை நீங்களும் பேசாமல் தலையாட்டினியள். வேறை என்ன செய்யிறது? அதை அடைச்சது நான்.