மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து

மஞ்சள் நிறத்தின் மேல் வெள்ளை எழுத்துப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. இணையத்துக்கு விளம்பரப் பேனர் செய்யத் தொடங்குகிற எல்லோரும் முதலில் செய்கிற தப்பு அதுதான். நானும் செய்தேன். ஒரு செருப்புக் கடைக்கு வரைந்து கொடுத்த என் முதல் பேனரில் கடையின் பெயரே காணாமல் போய்விட்டது. கடைக்காரர் போனில் கூப்பிட்டு, "தம்பி, என் கடைப் பேரு எங்க ஓடிப்போச்சு?" என்று கேட்டார். அதன் பிறகு அந்தத் தப்பை நான் தெரியாமல் செய்ததில்லை.

நீங்கள் ஸ்டேஷன் மேசை மேல் விரித்து வைத்திருக்கும் இந்தப் பேனர் தாளைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது, ஐயா. இணையப் பக்கத்தின் தலையில் விரல் அகலத்துக்கு ஓடவேண்டிய படத்தை இப்படிப் பெரிதாக்கி அச்சடித்தால் ஓரமெல்லாம் பல்லிளிக்கும். யார் வரைந்தாலும் இளிக்கும். இதை வைத்து என் வேலையை எடை போட்டுவிடாதீர்கள். சர்க்கரை வியாதிக்குப் பொடி விற்கிற அந்தப் பொடிக்காரரைப் பற்றி விசாரிக்கத்தான் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள் என்று தெரியும். பேனரைச் செய்தது யாரோ பெரிய விளம்பரக் கம்பெனி, தனக்கு அவர்களைத் தெரியாது என்று அவர் சொன்னதாகச் சொன்னீர்கள். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. நான்தான் செய்தேன், தனியாக, என் அறையில் உட்கார்ந்து.

என்னிடம் விலை உயர்ந்த மென்பொருள் எதுவும் கிடையாது. கணினி வாங்கும்போதே உள்ளே இருக்குமே, பிள்ளைகள் வீடும் சூரியனும் வரைந்து விளையாடுவது, அதுதான். எழுத்தை அடித்துவிட்டுப் பெட்டிக்கு வெளியே ஒரு தரம் சொடுக்கினால் அது படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தெடுக்க முடியாது. கோட்டில் ஒரு புள்ளி இடைவெளி விட்டாலும் உள்ளே ஊற்றுகிற நிறம் படம் முழுக்கக் கொட்டிவிடும். அதனால் எல்லாவற்றையும் முதலில் மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன். அவசரக் குடுக்கைகளுக்கு இந்த வேலை சரிப்படாது.

நான் இருப்பது அக்கா வீட்டில். அத்தான்தான் வற்புறுத்திக் கூட்டி வந்தார். மாடி அறையைக் காலி செய்து, மேசை போட்டு, மின்விசிறியை அவரே மாட்டிக் கொடுத்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நல்ல பருமன், பெரிய குரல். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார். "எங்க மச்சான் பெரிய ஆர்ட்டிஸ்ட். ஒண்ணாம் கிளாஸ் பசங்க போடுற படத்தை இவரு கதவைச் சாத்திக்கிட்டுப் போடுவாரு" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதில் விஷமம் எதுவும் இல்லை என்று அக்கா சொல்வாள். இருக்கலாம். ஆனால் சிரித்துவிட்டு மாடி ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை. காலையும் மாலையும் சட்டையைத் தூக்கி வயிற்றில் இன்சுலின் ஊசி குத்திக்கொள்வார். "கொசுக்கடிக்கு இது எவ்வளவோ மேல்" என்று அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தார்.

பொடிக்காரர் என்னிடம் வந்தது இன்னொரு வாடிக்கையாளர் மூலமாக. 'சர்க்கரைக்கு விடை கொடுங்கள், ஊசிக்கும்தான்' என்பதுதான் அவருடைய வாசகம். கூடவே அவருடைய வக்கீல் சொன்ன ஒரு வரியும் இருந்தது: 'மருத்துவரைக் கேட்காமல் ஊசியை நிறுத்தக் கூடாது.' அதைப் போட்டே ஆக வேண்டும் என்றார் வக்கீல். பொடிக்காரர் புலம்பினார். "இதைப் படிச்சா எவன் சார் வாங்குவான்? என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கணுமா?" அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அது பாட்டுக்கு ஒரு மூலையில் இருக்கும், கவலைப்படாதீர்கள் என்று நான்தான் சொன்னேன்.

இளமஞ்சள் பின்னணி. வாசகம் கொட்டை எழுத்தில், அடர் பச்சை. வக்கீலின் வரி அதன் கீழே, வெள்ளையில். விளக்குக்கு அடியில் சாய்த்துப் பிடித்துத்தானே நீங்களும் கண்டுபிடித்தீர்கள்? ஆனால் இருக்கிறது. இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வலது மேல் மூலையில் விளம்பரத்தை மூடுகிற பெருக்கல் குறி மாதிரி ஒன்றும் வரைந்தேன். அது வெறும் படம். மூடலாம் என்று அதைத் தொடுகிறவர்களும் பொடிக் கடைக்குத்தான் போய்ச் சேருவார்கள். பொடிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கொஞ்ச நாள் கழித்து அத்தான் போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். மூச்சிரைத்தது. "மச்சான், இதைப் பாத்தியா? மூடத்தான் போனேன், அதுவா தொறந்துக்கிச்சு. சரி என்னதான் சொல்றான்னு பாத்தேன். டப்பா ஒண்ணுக்கு ஆர்டர் போட்டாச்சு" என்றார். பிறகு என் பேனரை என்னிடமே நீட்டி, "எவ்வளவு பளிச்சுனு போட்டிருக்கான் பாரு. பாத்தாலே நம்பிக்கை வருது. விஷயம் தெரிஞ்சவன் போட்டது. உன்ன மாதிரி கிறுக்கல் இல்ல" என்று என் தோளில் தட்டினார்.

அது நான் போட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வீடே அதிரச் சிரித்திருப்பார். வருகிற பொடியைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு வழக்கம்போல ஊசியைக் குத்திக்கொண்டிருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பை நான் எத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதையும் நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். "நல்லா இருக்கு அத்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வேலையைப் பார்த்தேன்.

முதலில் மாலை ஊசியை நிறுத்தினார். பிறகு காலை ஊசியையும். உடம்பு மளமளவென்று இளைத்தது. பார்த்தவர்களெல்லாம் ஆள் பாதியாகிவிட்டாரே, என்ன ரகசியம் என்று கேட்டார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. பெல்ட்டில் புது ஓட்டை போட ஆணியும் சுத்தியலும் கேட்டு வாங்கிப் போனார். ஆனால் தண்ணீர் குடித்தபடியே இருந்தார். குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடித்தார். வேலை நடக்கும் இடத்தில் ஒயர்களின் நிறம் மங்கலாகத் தெரிகிறது என்று பாதியில் திரும்பி வந்தார். பக்கத்தில் போனால் மூச்சில் அழுகிய பழ வாசனை அடித்தது. இதெல்லாம் எதனால் என்று எனக்குத் தெரியும். பொடி வேலைக்காகச் சர்க்கரையைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு வேலை செய்வது என் வழக்கமில்லை.

அந்தச் சமயத்தில்தான் பொடிக்காரர், சாப்பிட்டுக் குணமானவரின் படம் ஒன்று கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். வெளியே போய்த் தேட வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. பழைய ஆல்பத்தில் அத்தானின் தொப்பையோடு ஒரு படம் இருந்தது. புதியதை நானே எடுத்தேன், ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு, நல்ல வெளிச்சத்தில். நிமிர்ந்து உட்காரச் சிரமப்பட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, இளைத்திருக்கிறீர்களே, ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்றேன். சந்தோஷமாகத் தலை வாரிக்கொண்டார்.

அவரை அப்படியே போட முடியாது, ஐயா. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பை, பக்கத்துத் தோலின் நிறத்தைத் தொட்டெடுத்து மூடினேன். கன்னத்தில் இளஞ்சிவப்பைத் தூவினேன். உதட்டுக்கும் கொஞ்சம். ஒவ்வொரு புள்ளியாக வைத்த வேலை அது. முடித்தபோது பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஒரு காலையில் பல் தேய்க்கப் போனவர் குளியலறை வாசலிலேயே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கடைசி வரை கண் திறக்கவில்லை. "ஊசியை யார் நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் அக்காவிடம் கத்தினார். அவள் போனில் இருந்த மஞ்சள் பேனரைக் காட்டினாள். உங்களிடம் அவள் கொடுத்திருக்கும் புகாரை எழுதியது நான்தான். அவள் பேனாவை என்னிடம் நீட்டிவிட்டாள். இப்போதும் வெளியே பெஞ்சில் எனக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கும் துக்கம் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் அவர் இடம் காலியாகக் கிடப்பதைப் பார்க்க முடியாமல் நான் மாடியிலேயே சாப்பிடுகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் அதைக் கேட்கவில்லை, கேட்க உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அவர் விழுவதற்கு முந்தின நாள் அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "நான் ஊசின்னு வாயைத் தொறந்தாலே எரிஞ்சு விழறாருடா. நீ சொல்லு. நீ சொன்னாக் கேப்பாரு. உன் மேல அவருக்கு அவ்வளவு உசிரு" என்றாள். எனக்கு அது புதுச் செய்தியாக இருந்தது.

போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் போனேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். மடிக்கணினி கையில் இருந்தது, அவருடைய படம் போட்ட பேனரை அப்போதுதான் முடித்திருந்தேன். அத்தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் மருந்துக் குப்பி, இன்னொரு கையில் ஊசி.

"உங்கக்கா நச்சரிப்பு தாங்கலடா. எனக்கும் உடம்பு ஒரு மாதிரிதான் இருக்கு. போட்டுக்கட்டுமா? நீ என்ன சொல்றே?" என்று கேட்டார்.

நான் கணினியைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். கண் சரியாகத் தெரியாததால் குனிந்து, மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "நானா இது? நல்லாத்தான் இருக்கேன் போலிருக்கே."

"நான் போட்டது அத்தான். அந்த மஞ்சள் பேனரும் நான் போட்டதுதான்" என்றேன்.

சிரிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. திரையை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் நீயா? இதை ஏன்டா முதல்லயே சொல்லல? எவனோ ஊர் பேர் தெரியாதவன் பேச்சைக் கேட்டு மோசம் போயிட்டோமோன்னு உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டே இருந்தேன். நீ போட்டிருக்கேன்னா விசாரிக்காம போட்டிருக்க மாட்டே. எனக்குக் கெடுதல் பண்ணுவியா நீ?" என்றார். ஊசியைக் கட்டிலில் போட்டுவிட்டு, குப்பியை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடினார்.

என் வேலையை மதித்து அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. ஐயா, அதற்குப் பிறகு மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அவ்வளவு நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்தார். அதைக் கெடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? சமையலறையில் அக்கா, "சொன்னியாடா?" என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். குப்பியைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் வைத்து, கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். வெளியே கிடந்தால் மருந்து கெட்டுவிடும்.