மூன்றாவது கதவில் எழுதியிருந்தது

— கதவ சாத்துங்க, மாமா.

— ஆபீஸ்ல மாமாங்காதன்னு எத்தன தடவ சொல்றது? உங்க அக்காவுக்குப் புருஷன்கறது வீட்டோட. இங்க எல்லாரும் கூப்பிடற மாதிரி பூதக்கண்ணாடின்னே கூப்பிடு.

— இன்னைக்கு அந்தப் பேரச் சொல்ல வாய் வரல. மொதல்ல கதவ சாத்துங்க.

— இந்தா, சாத்தியாச்சு. என்ன, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு? கேம் வெளிய வந்து ரெண்டு மணி நேரம்கூட ஆகல...

— ஆயிரத்து நூறு புகார்.

— எவ்ளோ?

— ஆயிரத்து நூறு! எல்லாரும் மூணாவது கதவுகிட்ட மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. சுவத்துல எழுதியிருக்கறத யாராலயும் படிக்க முடியல.

— அடக் கடவுளே...

— அஞ்சு நெம்புகோல்ல எத இழுக்கணும்னு அந்த ஒத்த வரியிலதான இருக்கு? தப்பா இழுத்தா மறுபடி மொதல்லேர்ந்து ஆடணும். ஒருத்தர் பதினோரு தடவ செத்துட்டு எழுதியிருக்காரு... "இத டெஸ்ட் பண்ணவன் கண்ண எங்க வெச்சிருந்தான்"னு.

— நான் அன்னைக்கே சொன்னேனா இல்லியா?

— எத?

— இது பெரிய கன்சோலுக்குன்னு, டிவில பாக்கறதுக்குன்னு செஞ்ச கேம். உள்ளங்கை மிஷினுக்கு ஒத்து வராதுன்னு! யானையத் தூக்கி அலமாரில வெக்கிற வேலைன்னு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொன்னேனே!

— சொன்னீங்க. நான் ஒத்துக்கல. இப்பவும் ஒத்துக்க மாட்டேன். பஸ்ல, ஆஸ்பத்திரி வரிசையில, போர்வைக்குள்ள... அவ்ளோ பெரிய உலகத்த கைக்குள்ள வெச்சு ஆடறதுல ஒரு சொகம் இருக்கு. கேம் நல்லாத்தான் இருக்கு, மாமா. எழுத்துதான் எறும்பு சைஸ்ல இருக்கு.

— எழுத்து வரையறது உன் வேல. என்ன எதுக்குப் புடிச்சு உலுக்கற?

— இதுல எழுத்து என்னோடது இல்ல. பெரிய கன்சோலுக்கு மொதல்ல செஞ்சாங்களே, அந்தக் கம்பெனிக்காரங்க வரைஞ்சது. மாத்தணுமான்னு டெஸ்ட் பண்ற உங்ககிட்டதான வந்து கேட்டேன்?

— கேட்ட...

— ஒரு மாசம் ஒத்து வராது, ஒத்து வராதுன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. திடீர்னு ஒரு நாள் ரிப்போர்ட் வருது. "கையில் பிடித்து அறுபது மணி நேரம் ஆடினேன். எழுத்துகள் தெளிவாக உள்ளன." கீழ உங்க கையெழுத்து.

— சரி, தவறிப்போச்சு. மனுஷந்தான...

— ஒரு புள்ளி அரை மயிரிழை தள்ளியிருந்தாலே ஊரக் கூட்டுற ஆளு நீங்க. அந்த நம்பிக்கையில நானும் கண்ண மூடிட்டு அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டேன்.

— அதான் தவறிப்போச்சுங்கறேன்ல. விடு.

— எப்ப, எப்படி ஆடுனீங்கன்னு உங்க டெஸ்ட் மிஷின் பதிஞ்சு வெச்ச லாக்க இப்பதான் எடுத்துப் பாத்தேன்.

— அத எதுக்கு நீ எடுத்த?

— அறுபது மணி நேரமும் மிஷின டிவில சொருகி ஆடியிருக்கீங்க. கையில எத்தன நிமிஷம் தெரியுமா? நாலு! மொத்தமே நாலு நிமிஷம்!

— மெதுவா... வெளிய கேக்கும்...

— கையில வெச்சு ஆடற கேம ஒருத்தர்கூட கையில எடுத்து ஆடிப் பாக்காம ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கோம்! இப்படி ஒரு கூத்து எங்கயாச்சும் நடக்குமா?

— கழுத்து வலி.

— என்னது?

— குனிஞ்சே பாத்துட்டிருந்தா கழுத்து புடிச்சுக்குது. நிமிந்து உக்காந்து பாக்கலாமேன்னுதான் டிவில... நம்பலன்னா உங்க அக்காவக் கேளு, தைலம் தேச்சு விட்டாளே.

— கழுத்து வலி...

— ஆமா.

— சரி. இந்தாங்க, இதப் புடிங்க.

— என்ன இது?

— புதுசா சரி பண்ணது. எழுத்த மூணு மடங்கு பெருசாக்கியிருக்கேன். மூணாவது கதவு முன்னாடியே நிறுத்தி வெச்சிருக்கேன். சுவத்துல இருக்கறதப் படிச்சு சரின்னு சொல்லுங்க, உடனே அனுப்பிடலாம்.

— குடு... ம்... ஆங், இப்ப பளிச்சுன்னு இருக்கு. நல்லாருக்கு.

— படிங்க.

— அதான் நல்லாருக்குங்கறேனே.

— வாய் விட்டுப் படிங்க.

— "இடப்பக்கம், கீழேயிருந்து நாலாவது." போதுமா? அனுப்பு.

— மாமா... நீங்க சொன்னது பழைய வரி. இதுல அது இல்ல.

— இல்லியா?

— இல்ல. நான் வேற எழுதியிருக்கேன்.

— வெளையாடாத.

— ஒவ்வொரு எழுத்தும் என் சுண்டுவிரல் நகத்தளவு இருக்கு. இதுகூடவா... இதுகூடவா தெரியல?

— தெரியுது... ஓரத்துல தெரியுது. நேரா பாத்தா அந்த எடத்துல மட்டும் பொக மூட்டமா இருக்கு. எங்க பாக்கறனோ அங்க யாரோ அழிச்சு வெச்ச மாதிரி.

— ஐயோ...

— டிவின்னா கிட்டக்க போயி, தலைய அப்படி இப்படித் திருப்பி எப்படியோ சமாளிச்சிடுவேன். அதுக்குத்தான் டெஸ்ட் பண்றப்ப ரூமுக்குத் தாழ்ப்பா போட்டுக்கறது. நீங்கல்லாம் பூதக்கண்ணாடி தவம் பண்றான்னு சிரிப்பீங்க.

— எப்பலேர்ந்து?

— ரெண்டு வருஷமா. மொதல்ல வலது கண்ணுதான்.

— இப்ப?

— இப்ப ரெண்டும்.

— ரெண்டுமா! டாக்டர் என்ன சொன்னாரு?

— போகல.

— ரெண்டு வருஷமாவா போகல?

— போனா அவரு ஒரு பேரு வெச்சிடுவாரு. அப்புறம் அது நெஜமாயிடும். கண்ணு தெரியாத பூதக்கண்ணாடிய எவன் வேலைக்கு வெச்சிப்பான், சொல்லு? இருவது வருஷமா இந்தக் கண்ணாலதான் சாப்பிடறேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. பயமா இருக்குடி.

— மாமா...

— பழிய என் தலையிலயே போடு. சோம்பேறித்தனமா இருந்துட்டான்னு சொல்லு, நானே மன்னிப்புக் கேட்டுக்கறேன். கண்ணுன்னு மட்டும் வாயத் தொறக்காத.

— வண்டி? வண்டி எப்படி ஓட்டிட்டு வர்றீங்க?

— ஓட்டல. ஆறு மாசமா நடதான். ஒடம்பு எளைக்கணும்னு உங்க அக்காகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டா. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.

— இவ்ளோ மோசமா இருக்கும்னு நெனைக்கல, மாமா. வயசானா வர்ற வெள்ளெழுத்துன்னுதான்... கண்ணாடி போட்டா சரியாயிடும், நீங்களே ஒரு நாள் வந்து சொல்லுவீங்கன்னு... இந்தக் கேம் எழுத்து உங்களுக்கே தெளிவா இருந்தா எல்லாருக்கும் தெரியும்னு நம்பித்தான் கையெழுத்தும் போட்டேன்.

— என்ன ஒளர்ற? உனக்கு முன்னாடியே...

— நம்ம கேம்ல எல்லாம் எழுத்து பெருசா, கண்ணுக்கு எதமா இருக்குன்னு ரெண்டு வருஷமா பாராட்டறாங்களே, மாமா. அது ஏன்னு யோசிச்சதே இல்லியா?

— அது உன் கைவண்ணம்... ஏய், அழறியா? இரு. இந்த மிஷின்ல என்னதான் எழுதி வெச்சிருக்க?

— குடுங்க, நானே படிக்கறேன். "எழுத்தப் பெருசா போடுன்னு சொன்னது அக்காதான். கீழ வண்டியில காத்துக்கிட்டிருக்கா. பதினோரு மணிக்குக் கண் டாக்டர்."