மடிக்கு மட்டும் கேக்குற சத்தம்

உக்காருங்க அப்சர் தம்பி. டீ வர்ற வரைக்கும் ஒரு விடுகதை. தானாப் பேசினா மடியில வச்சிருக்கவங்களுக்கு மட்டும் கேக்கும். அடுத்தவன் வாயால பேசினா ஊருக்கே கேக்கும். அது என்ன?

குழந்தை இல்லீங்க. இந்தா, செவுத்துல சாய்ஞ்சு நிக்குதே எலக்ட்ரிக் கிடார், அதான். அடுத்தவன் வாய், சத்தத்தப் பெருசாக்குற இந்தப் பெட்டி, ஆம்ப். நீங்க வாங்க வந்தது.

தெரியும் தம்பி. என் பொண்ணு எழில்மொழி வீடியோவப் பாத்துட்டுத்தான் திருவாரூர்லேர்ந்து வந்திருக்கீங்க. அழுவுற மாதிரி இழுக்குற அதே ப்ளூஸ் சத்தம் வேணும்ங்கிறீங்க. சொல்றேன். எல்லாரும் ஆம்ப்ப முழுசாத் திருகிடுறாங்க, அது தப்பு. மெல்ல மீட்டுனா சுத்தமாப் பேசணும், ஓங்கி மீட்டுனா லேசா தொண்டை கரகரக்கணும். ரெண்டுக்கும் நடுவுல வரப்பு மாதிரி ஒரு இடம் இருக்கு. ஆம்ப்ப அங்க நிறுத்திட்டு, மிச்சத்த கிடார்ல இருக்க இந்த வால்யூம் திருகுல பாத்துக்கணும். கம்பிக்கு அடியில சத்தத்தப் பிடிக்கிற பிக்கப் ரெண்டுல, கழுத்துப் பக்கம் உள்ளதப் போடுங்க. ஆம்ப்ப சிமெண்டுத் தரையில வைக்காம பலகை மேல வைங்க.

ஆமா, வால்வு ஆம்ப். உள்ள பல்பு மாதிரி எரியுது பாருங்க. கரண்டு எப்படியோ அப்படித்தான் பேசும். இங்க குறுவை நடவுக்கு எல்லா வயல் மோட்டாரும் ஒண்ணா ஓடும். வோல்டேஜ் இறங்கி டியூப் லைட்டு கண்ணச் சிமிட்டும். அப்ப வாசிச்சா சத்தம் அப்படியே குழைஞ்சு வரும். பக்கத்து வயல் வீரையன் மோட்டாரப் போட்டாலே எனக்குக் கை துறுதுறுங்கும். வீடியோவுல கேட்டீங்களே, அது அப்படி ஒரு நேரத்துல வாசிச்சது.

சிரிக்காதீங்க, நெசம். உங்க வீட்ல ஸ்டெபிலைசரா? அப்ப இந்த அளவு வராது.

கரண்டு தொல்லைக்காகத்தான் விக்கிறேனான்னா, இல்ல தம்பி. அந்த வீடியோவ சொந்தக்காரங்க குரூப்ல போட்டேன். சுத்தி சுத்தி அவ ஸ்கூலுக்கே போயிடுச்சு. ஆண்டு விழாவுல வாசிக்கச் சொன்னாங்க. நானே ஆம்ப்பத் தூக்கிட்டுப் போய் மேடையில வச்சேன். ப்ளூஸ்ல முக்கியம் கம்பிய இழுக்குறது. விரலால தள்ளி, அடுத்த ஸ்வரத்தத் தொட்டு, அங்க நின்னு நடுங்கணும். தொடாம நின்னா சளி பிடிச்ச மாதிரி இருக்கும். பத்து வயசு விரல். கம்பிய முழுசா இழுக்க முடியாம பாதியிலயே நின்னுடுச்சு. முன்வரிசையில ஒரு பொடிசு, வீடியோவுல வாசிச்சவங்கள வரச் சொல்லுங்க மிஸ்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அவ நிறுத்தல. என்னையே பாத்துக்கிட்டு வாசிச்சு முடிச்சா.

வீட்டுக்கு வந்து, வீடியோவுல நானாப்பா வாசிச்சேன்னு கேட்டா. நீதாம்மா, அங்க ஜெனரேட்டர், இங்க மோட்டார் ஓடுது, எல்லாம் வோல்டேஜுன்னேன். இப்ப உங்ககிட்டச் சொன்னேன்ல, அதையேதான்.

மறுநாள் அவ என்ன பண்ணா தெரியுமா? மோட்டார் ஓடுற நேரம் பாத்து, டியூப் லைட்டு சிமிட்டுற வரைக்கும் காத்திருந்து, வாசிச்சுப் பாத்தா. குழைவாத்தான் இருந்துச்சு. கம்பி அதே பாதியில நின்னுச்சு. ஆம்ப்ப அணைச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

டீ எடுத்துக்கங்க, ஆறிடும்.

வீடியோவுல தெரியிறது அவ விரல் தம்பி. கேக்குறது என்னோடது. அவ ஸ்கூலுக்குப் போயிருந்தப்ப நான் வாசிச்சு, அது மேல சேத்துட்டேன். அவ வாசிச்சது பத்து வயசுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நான் கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவுல வாசிச்சவன், என் பொண்ணு வாசிச்சது எனக்குப் பத்தல. அவ அத தன்னோடதுன்னே நெனச்சு ஹெட்போன மாட்டிக்கிட்டு திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருந்தா. நானும் பக்கத்துல உக்காந்து, சூப்பர்டா கண்ணுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்.

ஆம்ப் நல்ல ஆம்ப்புங்க, அதுல குறை இல்ல.

கிடாரா? அது விக்கல. நாந்தான் வாசிச்சேன்னு சொல்லிட்டு, இனிமே என்னம்மா பண்ணலாம்னு அவளையே கேட்டேன். கிடார் இருக்கட்டும், ஆம்ப் வேணாம்னுட்டா.